முத்தையா பில்டிங், மேல் மாடி

குமரவேல் பேசிக்கொண்டிருந்தான். நடுநடுவே மைக் கீச்சென்று கத்தும், பந்தல்காரர் ஓடிவந்து எதையோ திருகிவிட்டுப் போவார், அவன் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் தொடங்குவான். ஆவுடைத்தங்கம் அவன் பேச்சை அரைக்காதில் வாங்கியபடி கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் இடிக்கப்போகிறார்கள். அதற்கு முன்னால் பழைய கடைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு, வாசலில் பந்தல் போட்டு, ஆளுக்கு நாலு வார்த்தை பேசச் சொல்லி, ஒரு வாய்ச் சாப்பாடும் போட்டு அனுப்ப வேண்டும் என்று முதலாளி மகன் குமரவேலுக்குத் தோன்றியிருக்கிறது. நல்ல மனசுதான். அப்பா முத்தையா இருந்திருந்தால் காலி பண்ணு என்பதோடு முடிந்திருக்கும். உச்சியில் சிமெண்டால் செய்து பதித்த பெயரில் முதல் எழுத்து எப்போதோ உதிர்ந்துபோய் வெறும் ‘த்தையா பில்டிங்’ என்று நிற்கிறது. மேல் வராந்தாவின் கம்பியழியில் மயில் போட்டிருக்கும், மயிலின் கொண்டை துருவேறி ஒடிந்திருந்தது, அந்த மயிலுக்கு நேர் பின்னால்தான் கடை, ராணி லேடீஸ் டெய்லர்ஸ், அவளும் ரெஜினாவும் சேர்ந்து எடுத்த கடை, இரண்டு மிஷின், ஒரு கட்டிங் மேசை, மூலையில் அளவெடுக்க ஒரு பூப்போட்ட திரை. பக்கத்து நாற்காலியில் ரெஜினா அழைப்பிதழை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தாள். தனக்கு இரண்டு வீச்சு, ஆவுடைத்தங்கத்துக்கு ஒரு வீச்சு. அவளுக்கு எங்கே போனாலும் அந்தப் பழக்கம் உண்டு. இன்றைக்கு வரவே மாட்டேன் என்றுதான் சொன்னாள். “வெயிலு மண்டையப் பிளக்கு, என்னத்துக்குட்டி போகணும், இடிக்கிறவன் இடிச்சிட்டுப் போறான்” என்றாள். ஆவுடைத்தங்கம்தான் விடவில்லை. “ஏட்டி, நம்ம கடை இருந்த இடம். ஒரு தடவை பாத்துட்டு வந்துருவோம்” என்று ஆட்டோவைக் கூப்பிட்டு அவளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

ஒவ்வொருவராகப் பேசியிருந்தார்கள். ஜவுளிக்கடைப் பெரியவர், மழை வெள்ளத்தில் தேரடி முழுக்க முங்கிய வருசம் ஊர்க்காரர்கள் கை மாற்றிக் கை மாற்றிச் சேலைக்கட்டுகளை மாடிக்கு ஏற்றிய கதையைச் சொன்னார். பல் டாக்டர் வீட்டம்மா, பல் பிடுங்க வந்தவர்கள் மாடிப்படி பாதியிலேயே திரும்பி ஓடுவார்கள் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். கல்யாணமான புதுச் சோடிகள் ஸ்டுடியோவுக்குப் படமெடுக்க வந்து, ஏறும்போது தள்ளித்தள்ளி ஏறி இறங்கும்போது ஒட்டிக்கொண்டு இறங்குவதை ஒருவர் சொன்னார். ஆவுடைத்தங்கமும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்த காசிமணியின் பிடரியைப் பார்த்தாள், நரைத்த பிடரி, பார்த்ததும் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கீழே மூலைக்கடையில் சோடா கலர் விற்றவர். அவரோடு பேச்சை நிறுத்தி முப்பது வருசத்துக்கு மேலாகிறது. குமரவேல் இப்போது தன் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு இந்தக் கட்டடம் பெற்ற பிள்ளை மாதிரி, இதற்கு ஒரு சொல் வந்தால் பொறுக்க மாட்டார் என்றான். “ஒண்ணு மட்டும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்போ நான் சின்னப்பையன். மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். கொதிக்கிற வெயில்ல, கால்ல செருப்புகூட இல்லாம, ரெஜினா அக்கா எங்க வீட்டுப் பின்வாசல்ல வந்து நிக்காங்க. அப்பாவக் கூப்புடு தம்பி, மாடியில யாரோ வீட்டுப் பிள்ளை வந்து ஒளிஞ்சிருக்கு, பெரிய பிரச்சினை ஆயிரும்னு சொல்றாங்க. அப்பா சாகுற வரைக்கும் சொல்லுவாங்க, என் பில்டிங் மானத்தக் காப்பாத்துனது அந்த ரெஜினாதான்னு. அக்கா இங்கதான் இருக்காங்க. எந்திரிச்சு நில்லுங்க அக்கா.” கைதட்டினார்கள். விசிறி நின்றது. ரெஜினா நாற்காலியிலிருந்து முக்கால்வாசி எழுந்து, யாரையும் பார்க்காமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தாள். ஆவுடைத்தங்கத்தின் கைகளும் தட்டிக்கொண்டிருந்தன. அவை தட்டுவது அவளுக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது.

செருப்புகூட இல்லாமல். செருப்பு கடை வாசலில்தானே கிடந்தது, பச்சை வார் வைத்த ரப்பர் செருப்பு, அவள் பார்த்தாளே. தலைவலி என்றாள் ரெஜினா, கடைசி ரூம் காலியாகக் கிடக்கிறது, போய்க் கொஞ்ச நேரம் படுத்துக்கிடுதேன் என்றாள், சரிட்டி போய்ப் படு என்று சொன்னது கூட ஞாபகமிருக்கிறது. அன்றைக்குக் கடை திறந்ததிலிருந்தே பூரணி உள்ளேதான் இருந்தாள். கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த பிள்ளை, திரைக்குப் பின்னால் டேப்பைக் கழுத்தில் வைத்ததும் நடுங்க ஆரம்பித்துவிட்டாள். தோள் எலும்பு டேப்புக்கு அடியில் துடித்தது. “அக்கா, இந்தக் கல்யாணம் வேண்டாம்க்கா. சாயங்காலம் நாரோயில் பஸ்ஸுக்கு அவங்க வந்திருவாங்க. அதுவரைக்கும் இங்கனயே இருந்துக்கிடட்டா?” அவங்க என்றாளே தவிர பேர் சொல்லவில்லை. ஆனால் யாரென்று ஊருக்கே தெரியும், அந்தப் பையன் எந்தத் தெருவென்றும் தெரியும், அந்தத் தெருவிலிருந்து இந்தத் தெருவுக்குப் பெண் கேட்டு யாரும் வரமுடியாது என்பதும் தெரியும். இருந்துக்கோ என்று சொன்னது ஆவுடைத்தங்கம். சொல்லும்போது அவளுக்குத் தைரியம் என்று எதுவும் இல்லை, அளவெடுக்கிற கைக்கு அடியில் ஒரு பிள்ளை நடுங்கினால் வேறு என்ன சொல்வது. ரெஜினாவும் தலையை ஆட்டினாள். ஆட்டினாளா? திரையை இழுத்துவிட்டது ரெஜினாதான், கதவை ஒருக்களித்து வைத்ததும் அவள்தான், “பயப்படாதம்மா” என்று அந்தப் பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தாளே. தடவிக்கொடுத்துவிட்டுத்தான் தலைவலி என்றாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனது, உள்ளேதான் இருக்கிறேன் என்று காட்டுவதற்கா. இல்லை, ஓசை கேட்காமல் பின்படியில் இறங்குவதற்கா. இல்லை, பயத்தில் மறந்துபோய்ப் போனாளா. மூன்றில் எது என்று இப்போது எப்படிக் கண்டுபிடிப்பது. மூன்றாவது என்றால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்போலிருந்தது. உடனே, ஆறுதல் எதற்கு என்று தோன்றியது. தார் உருகுகிற ரோட்டில் அவள் வெறுங்காலோடு குதித்துக் குதித்து நடந்திருப்பாள். திரும்பி வந்தபோது கால் தாங்கித்தான் நடந்தாள், என்னட்டி என்று கேட்டதற்கு மரத்துப்போச்சு என்றாள். அதையும் நம்பியாயிற்று. “பிள்ளை காலைலருந்து ஒண்ணும் திங்கலயே, நீ போயி எலுமிச்சஞ்சோறு வாங்கிட்டு வா, நான் இருக்கேன்” என்று அனுப்பியதும் அவள்தான். அனுப்பினாள். அந்த வார்த்தையில் மனசு சிக்கிக்கொண்டு நகரமாட்டேன் என்றது. பிள்ளைக்குப் பசிக்கும் என்று அனுப்பவில்லை, ஆட்கள் வரும்போது இவள் அங்கே இருக்கக்கூடாது என்று. அனுப்பினாள்.

சோற்றுப் பொட்டலத்தோடு ஆவுடைத்தங்கம் திரும்பி வந்தபோது படியில் நாலைந்து ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள், முன்னால் முத்தையா, பின்னால் பூரணியின் சித்தப்பன்மார். அவளுக்கும் ஏறத்தான் வேண்டியிருந்தது, வேறு எங்கே போவாள், அவர்கள் முதுகுக்குப் பின்னாலேயே ஏறினாள். பூரணி அழவில்லை, கத்தவில்லை, திரையை அவளே விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வந்தவள் தன் சித்தப்பன்மாரைப் பார்க்கவில்லை, முத்தையாவைப் பார்க்கவில்லை, அவர்களுக்குப் பின்னால் கையில் பொட்டலத்தோடு நின்ற ஆவுடைத்தங்கத்தைப் பார்த்தாள். வெளியே போய்விட்டு ஆட்களோடு திரும்பி வந்தவளைப் பார்த்தாள். அவ்வளவுதான், இறங்கிப்போய்விட்டாள். நான் இல்லம்மா என்று சொல்ல ஆவுடைத்தங்கம் வாயைத் திறந்தாள், யாரோ தோளில் இடித்துத் தள்ளிவிட்டு இறங்கினார்கள், பொட்டலம் விழுந்து சோறு படியெல்லாம் சிதறியது. அந்த வாரத்திலேயே கல்யாணம் நடந்தது. ரவிக்கையை வேறு யாரோ தைத்தார்கள். அந்தப் பையனை பஸ் ஸ்டாண்டில் வைத்து அடித்தார்கள், பிறகு அவன் ஊரில் இல்லை. பூரணி சூரத்தில் இருப்பதாக ஒருவர் சொன்னார், கொஞ்ச நாள் கழித்து இன்னொருவர் பம்பாய் என்றார், அப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இருக்கிறாளா இல்லையா என்பதே தெரியாது. இருந்தால், அவள் மனசில் இன்றைக்கும் காட்டிக்கொடுத்தவள் ஆவுடைத்தங்கம்தான். எத்தனையோ மத்தியானம் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கும்போது கால் நின்றுவிடும், அந்தப் பார்வை வந்து எதிரே நிற்கும், காசிமணி நாசமாய்ப் போவான் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு மறுபடி மிதிப்பாள். காசிமணிதான் என்று சொன்னது யார்? ரெஜினா. அன்று சாயங்காலம், படியில் சிதறிய சோற்றைக் கூட்டி அள்ளும்போது. “நீ அந்தப் பிள்ளைக்குத் திராட்சைக் கலர் வாங்கப் போகயில யாருக்குன்னு கேட்டான்லா? அவன்தான். அவன் கண்ணே சரியில்லை.” ஆமாம், கேட்டார். விருந்தாளியா தங்கச்சி என்று கேட்டார். கலர் வாங்குகிறவர்களை எல்லாம் கேட்பதுபோலத்தான் கேட்டார். அது இப்போதுதான் தெரிகிறது. அவர் மகள் கல்யாணத்துக்கு வீடு தேடி வந்து பாக்கு வைத்து அழைத்தபோது கதவைச் சாத்தினாள். அவர் வீட்டுக்காரி செத்தபோது தெருவில் கிடத்தியிருந்த உடம்பைக் கடந்து தலையைக் குனிந்துகொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள்.

குமரவேல் பேசி முடித்திருந்தான், வேறு யாரோ மைக்கைப் பிடித்து, கிளி ஜோசியக்காரன் மாடிப்படிக்கு அடியில் இருந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். விசிறி மறுபடி ஆடத் தொடங்கியிருந்தது. தனக்கு இரண்டு, இவளுக்கு ஒன்று. அந்தக் காற்று முகத்தில் பட்டபோது ஆவுடைத்தங்கத்துக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. வரவேண்டாம் என்று பார்த்தாள், வந்துவிட்டது. கர்ப்பப்பையை எடுத்த அந்த ஒரு வாரமும் ரெஜினாதான் கூட இருந்தாள், தரையில் சாக்கை விரித்துப் படுத்தாள், கரண்டு போனபோது இப்படித்தான் எதையோ மடக்கி வீசினாள், மூத்திரப் பையை மாற்றினாள், மூக்கைச் சுளிக்கவில்லை. அதுவும் பொய்யா? பொய்யாக இருக்க முடியாது. ஒருத்தி மூத்திரத்தை இன்னொருத்தி பொய்க்காக எடுத்துக் கொட்டுவாளா. அப்படியானால் எது பொய். பூரணி போன மறுநாளே முத்தையா இவளிடம், “நீ காலி பண்ணு, ரெஜினா இருக்கட்டும், இந்தக் கட்டடம் நிக்கிற வரைக்கும் இருக்கட்டும்” என்றார். அவளை மட்டும் ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. ரெஜினா அழுதாள், இவளைவிட அதிகமாக அழுதாள், “எனக்கு மட்டும் கடை எதுக்குட்டி, உனக்கும் சேத்துத்தான் வச்சிருக்கேன்” என்றாள். அதன்பிறகு ரவிக்கைக்குக் கொக்கி கட்டவும் ஓரம் அடிக்கவும் துணியைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். இவளும் நன்றியோடு செய்தாள். சொந்தக் கடையில் பாதிக்காரியாக இருந்தவள், அந்தக் கடைக்கே கொக்கி கட்டினாள், அதற்கு நன்றியும் பட்டாள். இவளை நிச்சயம் பண்ண வந்தவர்கள், ஓடிப்போற பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கிறவளாமே என்று திரும்பிப்போனபோதும் பக்கத்தில் இருந்து கண்ணைத் துடைத்துவிட்டது ரெஜினாதான். துடைத்துவிட அவள்தான் இருந்தாள், எல்லா நேரமும் அவள்தான் இருந்தாள், வேறு யாரும் வராதபடிக்கு இருந்தாளா, வேறு யாரும் இல்லை என்பதற்காக இருந்தாளா, இந்த முடிச்சை எந்தப் பக்கத்திலிருந்து இழுத்தாலும் இறுகியது. பந்தலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நின்றது.

“ரெஜினா” என்றாள். திரும்பவில்லை. “நீதானா?” விசிறி இன்னும் இரண்டு தடவை ஆடிவிட்டு மடியில் விழுந்தது. ரெஜினா மைக்கில் பேசுகிறவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு மட்டும் அசைந்தது. “அவன் சின்னப்பய. என்னத்தையோ நினைச்சுக்கிட்டு உளறுதான்.” ஆவுடைத்தங்கம் காத்திருந்தாள். கிளி ஜோசியக்காரன் கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள், சிரிப்பு அடங்கியது. “பயந்துட்டேன்ட்டி” என்றாள் ரெஜினா. “அவனுக எப்படியும் கண்டுபிடிச்சிருப்பானுக. கடையைக் கொளுத்தியிருப்பானுக. உன்னையும் என்னையும் சேத்து வச்சுக் கொளுத்தியிருப்பானுக. முதலாளிகிட்டச் சொன்னா அந்தப் பிள்ளையப் பக்குவமா வீட்டுல சேத்துருவாருன்னு நினைச்சேன்.” அது நிஜமாகவே இருக்கலாம். அந்தப் பயம் ஆவுடைத்தங்கத்துக்கும்தான் இருந்தது, அன்றைக்குக் காலையிலிருந்து அவள் கை ஊசியில் நூல் கோக்கவில்லை. “சரி. பயந்த. என்கிட்ட ஏன் சொல்லல?” ரெஜினா மடியில் கிடந்த அழைப்பிதழை நாலாக மடித்தாள். “காசி அண்ணாச்சி பேர ஏன் சொன்ன?” இதற்குத்தான் ரெஜினா திரும்பினாள். முகம் வியர்த்து, பவுடர் திட்டுத்திட்டாகக் கரைந்திருந்தது. “நீ யாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தியே. விடாமக் கேட்டியே. யாரையாவது சொல்லணும்லா” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “இத்தனை வருசம் உன்னக் கண்ணுல வச்சுப் பாத்திருக்கேன். இன்னைக்குப் போயி இதைப் பேசுத” என்றாள். அதில் ஒரு கோபம் இருந்தது, இவள்தான் ஏதோ நன்றிகெட்டவள் என்பதுபோல. ஆவுடைத்தங்கம் அதைக் கேட்டுக்கொண்டாள். எழுந்தாள்.

பேச்சு முடிந்து ஆட்கள் சாப்பாட்டுப் பந்திக்கு நகரத் தொடங்கியிருந்தார்கள். காசிமணி எழுந்திருக்க நாற்காலிக் கையைப் பிடித்துத் தடுமாறிக்கொண்டிருந்தார், முட்டிவலிக்காரர். அவளைக் கண்டதும் ஒதுங்கி வழிவிடப் பார்த்தார். முப்பது வருசப் பழக்கம் அது, அவள் எதிரே வந்தால் அவர் ஒதுங்கிக்கொள்வார். “அண்ணாச்சி” என்றாள். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “கேட்டீங்களா, அவன் பேசுனத?” “கேட்டேன்” என்றார். “நான் உங்களத்தான்...” என்று ஆரம்பித்தாள், மேலே போகவில்லை. “தெரியும் தாயி” என்றார் அவர். என்ன தெரியும்? அவள் தன்னைத்தான் நினைத்தாள் என்பதா, வேறு எதுவுமா. அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், துடைக்கிறதை வெகுநேரம் துடைத்தார். “என் கடைக்குச் சந்துப் பக்கமும் ஒரு பலகைக் கதவு உண்டே. அன்னைக்கு ரெஜினா செருப்பில்லாம ஓடுனத நான் பாத்தேன். எங்க இம்புட்டு அவசரமாப் போறாளோன்னு நினைச்சேன். பெறகு மேல ஆட்கள் ஏறுனதும் புரிஞ்சுபோச்சு.” அவள் நின்றுகொண்டே இருந்தாள். கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருந்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது, கேட்டுவிட்டாள். “ஏன் சொல்லல அண்ணாச்சி? உங்க மூஞ்சிக்கு நேரா கதவச் சாத்துனேனே. மதினி செத்ததுக்குக்கூட நான் வரலயே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே.” காசிமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பந்தியிலிருந்து சாம்பார் வாசனை வந்தது, யாரோ இலைக்குத் தண்ணீர் தெளிக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். “மொதல்ல வருத்தமாத்தான் இருந்துச்சு” என்றார். “சொல்லிருவோம்னு ரெண்டு மூணு தடவை உன் வீட்டுத் தெரு வரைக்கும் வந்தேன். வந்தா, நீங்க ரெண்டுபேரும் வாசல்ல உக்காந்து கொக்கி கட்டிக்கிட்டு என்னத்தையோ பேசிச் சிரிச்சுக்கிட்டு இருப்பீங்க. அப்பா அம்மா போய்ட்டாங்க, கல்யாணமும் அமையல, உனக்குன்னு அவ ஒருத்திதான இருந்தா. அவளும் இல்லாமப் போனா நீ என்ன செய்வ. எனக்கு வீடு இருந்துச்சு, பிள்ளைகள் இருந்துச்சு. நீ என்கூடப் பேசலன்னா எனக்கு ஒண்ணும் கொறஞ்சிறாது.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “உங்க மதினிக்குத்தான் வருத்தம்” என்றார்.

சாப்பிடவில்லை. சாப்பிட்டதாகப் பேர்பண்ணி இலையில் கையை நனைத்துவிட்டு எழுந்து வந்தாள். மயில் அழிக்குப் பின்னால் கடைக் கதவைக் கழற்றியிருந்தார்கள், உள்ளே இருட்டு மட்டும் தெரிந்தது. மேலே போய்ப் பார்க்கவேண்டும் என்றுதான் வந்தாள், இப்போது அந்தப் படியில் கால் வைக்க முடியாது. பூரணி அந்தப் படியில் இறங்கிக்கொண்டே இருக்கிறாள், கட்டடத்தை இடித்தாலும் இறங்கிக்கொண்டுதான் இருப்பாள், எந்த ஊரில் போய் எந்தக் கதவைத் தட்டி நான் இல்லம்மா என்று சொல்வது. வெளியே ரோட்டோரம் ஆட்டோ நின்றது. ரெஜினா அதற்குள் ஏறி உட்கார்ந்து, இடது பக்கம் நகர்ந்து இவளுக்கு வழக்கமான இடத்தை விட்டிருந்தாள். சேலைத் தலைப்பால் சீட்டைத் தூசி தட்டியும் வைத்திருந்தாள். “வா, வெயிலு” என்றாள், காலையில் சொன்ன அதே குரலில், நடுவில் எதுவும் நடக்காததுபோல, ஆனால் கண் இவள் முகத்தில் எதையோ தேடி ஓடிக்கொண்டிருந்தது. ஆவுடைத்தங்கம் ஆட்டோவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கம்பியைப் பிடித்தாள், சுட்டது, விட்டாள். இரண்டு வீடு தள்ளித்தான் ரெஜினா வீடு, ஒரே குழாயில் தண்ணீர், நாளைக் காலை குடத்தோடு போனால் அவள் அங்கே நிற்பாள், நாளை மறுநாளும் நிற்பாள். ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான். “ஏறலையா அக்கா? ரெண்டுபேரும் ஒரே எடந்தான?” ஆவுடைத்தங்கம் ரெஜினாவைப் பார்க்காமல் அவனைப் பார்த்துச் சொன்னாள். “நான் வரல தம்பி. அவங்கள மட்டும் பாத்துக் கூட்டிட்டுப் போங்க. எங்க எறங்கணும்னு அவங்களே சொல்லுவாங்க.” உள்ளே ரெஜினா, “ஏட்டி” என்றாள். ஆட்டோ கிளம்பும் வரைக்கும் ஆவுடைத்தங்கம் திரும்பவில்லை.